வேற்றுமை என்பது கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

மலேரியா ஒட்டுண்ணிகளின் மரபணுத்தொகைகளை ஒப்பிடும் ஆராய்ச்சியில் நீ சேரப்போவதாக அறிந்து மகிழ்ந்தேன். இந்தத் துறைக்கு வருபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. மனிதரைத் தாக்கும் ஒட்டுண்ணியை, விலங்குகளில் வாழும் அதன் உறவினங்களோடு சேர்த்துப் படித்தால்தான் புரிந்துகொள்ள முடியும். அப்படிப் படிக்கையில் கண்ணில் படும் வேற்றுமையோ ஒரு கேள்விதான். அதற்கு விடை தரவேண்டியவை ஆய்வுக்கூடமும் களமும்.

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் மரபணுத்தொகை 2002-இல் வெளியானது. 14 குரோமோசோம்கள், ஏறத்தாழ 2.3 கோடி எழுத்துகள், 5,300 மரபணுக்கள் என்று கணக்குத் தெரிந்தது. ஆனால் அவற்றுள் எது மனித உடலுக்கென மாறியது, எது முன்னோரிடமிருந்து அப்படியே வந்தது என்பதை அந்தத் தொகை தனியாக நின்று சொல்லவில்லை. ஆப்பிரிக்கக் காடுகளில் திரட்டிய மனிதக் குரங்குகளின் சாணத்தை ஆராய்ந்தவர்கள், இந்த ஒட்டுண்ணி கொரில்லாக்களிடமிருந்து மனிதருக்கு வந்தது என்று 2010-இல் காட்டினார்கள். சிம்பன்சிகளிலும் கொரில்லாக்களிலும் வாழும் அதன் ஆறு உறவினங்களின் மரபணுத்தொகைகள் 2018-இல் ஒருசேர ஒப்பிடப்பட்டன. மனித ஒட்டுண்ணியான ஃபால்சிபாரத்தின் கிளை சுமார் 40,000 முதல் 60,000 ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கியதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆர்ஹெச்5 என்ற மரபணு இருக்கும் பகுதி, ஃபால்சிபாரத்தின் மூதாதைக்கு வேறொரு கொரில்லா ஒட்டுண்ணியின் வழியிலிருந்து வந்து சேர்ந்தது என்பதும் ஒப்பீட்டினால் வெளிப்பட்டது. மனித ஒட்டுண்ணியை மட்டும் ஆயிரம் முறை படித்தாலும் இது தெரிந்திருக்காது.

இங்கேதான் நீ நிதானிக்க வேண்டும். ஓர் இடத்தில் மரபணு இடம்பெயர்ந்திருக்கிறது என்பதாலேயே, நோய் மனிதருக்குத் தாவியதற்கு அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒட்டுண்ணி தன் ஆர்ஹெச்5 புரதத்தால் சிவப்பணுவின் மேலுள்ள பேசிஜின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது என்பது 2011-லேயே தெரிந்திருந்தது. அதனால்தான் ஐயத்தைச் சோதித்துப் பார்க்க வழி இருந்தது. அந்தப் பழைய ஆர்ஹெச்5 எப்படி இருந்திருக்கும் என்று கணித்து, அதை மீண்டும் செய்து, 2019-இல் சோதித்தார்கள். அது மனிதரின் பேசிஜினையும் கொரில்லாவின் பேசிஜினையும் பற்றியது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதும் கொரில்லாவின் பேசிஜினைப் பற்றும் திறன் ஏறக்குறைய அற்றுப்போனது. கணினி ஐயத்தை எழுப்பியது, ஆய்வுக்கூடம் அதை உறுதிசெய்தது. இந்த வரிசையை ஒருபோதும் தலைகீழாக்காதே.

"இப்படி ஒப்பிட்டால் வேற்றுமைகள் ஆயிரக்கணக்கில் குவியும்; பாதி வாசிப்புப் பிழையாகவே இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். அது வெறும் வாதமன்று. ஃபால்சிபாரத்தின் மரபணுத்தொகையில் சுமார் 80 விழுக்காடு ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளே. குரோமோசோம்களின் முனைகளில், ஒன்றுபோல் தோன்றும் மரபணுக் குடும்பங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. மனிதக் குரங்குகளின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மாதிரியிலோ பெரும்பகுதி குரங்கின் மரபணுப் பொருள்தான். இவையெல்லாம் வாசிப்பைத் தடுமாறச் செய்யும். ஆகவே ஒரு மரபணுவைக் காணவில்லை என்றால், அது உண்மையிலேயே இல்லையா, நம் வாசிப்பில் விழுந்த ஓட்டையா என்று மூலத் தரவில் போய்ப் பார். இரண்டு இனங்களை மட்டும் வைத்து எந்தப் பக்கம் மாறியது என்று தீர்ப்புச் சொல்லாதே. மூன்றாவதாகச் சற்றுத் தொலைவான உறவினத்தையும் சேர்த்துக்கொள். இந்த எதிர்வாதம் ஒப்பீட்டைக் கைவிடச் சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்யச் சொல்கிறது.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் மலேரியாவால் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அப்படியிருக்கக் குரங்கின் ஒட்டுண்ணிக்குப் பணமும் காலமும் எதற்கு? இதற்கு பிளாஸ்மோடியம் நோலெசி பதில் சொல்லும். மக்காக் குரங்குகளின் இந்த ஒட்டுண்ணி மனிதரையும் பற்றும் என்று நோல்ஸும் தாஸ் குப்தாவும் 1932-இல் கல்கத்தாவில் கண்டறிந்தார்கள். ஆனால் நுண்ணோக்கியில் அது பிளாஸ்மோடியம் மலேரியே என்ற மனித ஒட்டுண்ணியைப் போலவே தெரிந்ததால், நெடுங்காலம் கணக்கில் வராமல் போனது. மலேசியாவில், சரவாக்கின் கபிட் பகுதியில் 208 நோயாளிகளை மரபணுச் சோதனை செய்தபோது 120 பேரிடம் இருந்தது நோலெசி என்று 2004-இல் தெரியவந்தது. பின்னர் நோயாளிகளிடம் கிடைத்த ஒட்டுண்ணிகளின் மரபணு வேறுபாடுகளை ஒப்பிட்டபோது, அவை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிந்தன. ஒன்று நீள்வால் மக்காக்கோடும் மற்றது பன்றிவால் மக்காக்கோடும் தொடர்புடையது. நோய் குரங்குகளிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இது வலுவான சான்று. 2018 முதல் மலேசியாவில் மனிதருக்கே உரிய மலேரியா உள்நாட்டுத் தொற்றாகப் பதிவாகவில்லை. நோலெசி மட்டும் தொடர்கிறது. மனிதருக்கு மருந்து கொடுத்து மட்டும் அதை ஒழிக்க முடியாது. ஆகவே விலங்கின் ஒட்டுண்ணியைப் படிப்பதும் நோயாளிக்குச் செய்யும் பணிதான்.

ஆகவே தம்பி, ஒவ்வொரு வேற்றுமையையும் கண்டவுடன் மூன்று கேள்விகளை எழுதிவை. இது வாசிப்புப் பிழை இல்லையென்று எப்படித் தெரியும்? மாறியது எந்தப் பக்கம்? எந்தச் சோதனை இதைப் பொய்யாக்கும்? மூன்றாவதற்குப் பதில் எழுத முடியாத முடிவை, எத்தனை அழகாக இருந்தாலும் வெளியிட அவசரப்படாதே. உன் முடிவை நம்பி யாரோ ஒருவர் தடுப்பூசி ஆய்வையோ கண்காணிப்புத் திட்டத்தையோ வகுப்பார். அவர்களுக்கு நீ கடமைப்பட்டவன்.

என்றும் உன் நலம் நாடும்,
ஆசிரியர்