மாத்திரைக்காக ஒரு நாள் சம்பளம் போக வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் கலவை. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து படுத்த படுக்கை. நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறேன். மாத்திரை வாங்க லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். அமெரிக்காவில் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்பவரே பரிசோதித்து மருந்து எழுதித் தருவார் என்கிறாள் சித்தி மகள். நம் பக்கம் அப்படி யாராவது இருக்கிறார்களா, டாக்டர்?
- வாசகி, கலவை

பதில்: 1965-ல் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் கொலராடோவில் தொடங்கிய பயிற்சி அது. இங்கே அந்தப் பெயரில் உள்ள முதுநிலைப் படிப்பு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கானது. தனியாக கிளினிக் வைத்து மருந்து எழுதும் செவிலியர் கலவையில் கிடைக்கமாட்டார். அனுபவமுள்ள செவிலியருக்கு அந்த அதிகாரத்தைத் தர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் அம்மா அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இவரைப் போன்றவர்களுக்காகத்தான். தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை தருவார். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. அங்கன்வாடிக்குத் தடுப்பூசி போட வரும் நர்சம்மாவிடம் டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். வெறுமனே "சர்க்கரை" என்றால் மாத்திரையோடு நின்றுவிடும். "படுத்த படுக்கை" என்பதை முதலில் சொல்லுங்கள்.

செவிலியர் வரும்போது அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகைக் காட்டுங்கள். இடுப்புக்குக் கீழே வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் இரண்டு மணிக்கொரு முறை திருப்பிவிட வீட்டில் ஒருவர் கட்டாயம் வேண்டும். இதை எந்தத் திட்டமும் செய்யாது. அக்கம்பக்கத்தில் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மருந்தின் அளவைத் தன்னார்வலர் மாற்றக்கூடாது; அது மருத்துவர் வேலை. ஒவ்வொரு முறையும் வரும் பிரஷர், சர்க்கரை அளவுகளை நோட்டில் எழுதிவைத்து, துணை சுகாதார நிலையத்திலிருந்து இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைமருத்துவச் சேவை வழியாக மருத்துவரிடம் பேசலாமா என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

திடீரென முகம் கோணினால், பேச்சு குழறினால் நர்சம்மாவுக்காகக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அது மறுபடியும் பக்கவாதமாக இருக்கலாம்; ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும்.