எதன் மேல் எது உரசியது?

எம்.இ. மெட்டீரியல்ஸ் முடித்து, செராமிக் காம்போசிட்டில் பின்-ஆன்-டிஸ்க் டெஸ்ட் ஓட்டி, பேப்பரும் போட்டுவிட்டீர்களா? நல்லது. அதே ரெஸ்யூமேயோடு உங்களுக்குப் பின்னால் பெரிய வரிசையே நிற்கிறது. பிரேக், கட்டிங் டூல், செயற்கை மூட்டு என எந்த ஆர் அண்ட் டி இன்டர்வியூவுக்குப் போனாலும், வந்த எண்ணுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் ஆஃபர்.

1. எண்ணைத் தனியாகச் சொல்லாதீர்கள். “ஃபிரிக்‌ஷன் 0.5” என்றதும் அடுத்த கேள்வி, “எதன் மேல்?” உராய்வு ஒரு பொருளுக்கு உரியதல்ல, உரசும் ஜோடிக்கு உரியது. எதிர்ப்பக்கம் ஸ்டீலா அலுமினாவா, லோடு, வேகம், லேபின் ஈரப்பதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஈரப்பதம்தானே என்று விடாதீர்கள். சிலிக்கன் நைட்ரைடு ஜோடியைத் தண்ணீருக்குள் உரசவிட்டால், பரப்பு வழவழவென்றாகி உராய்வு எண் 0.01க்கும் கீழே போகும். உலர்ந்த நிலையில் அதே ஜோடி பல பத்து மடங்கு காட்டும்.

2. தராசிடம் ஏமாறாதீர்கள். பெரும்பாலானோர் கவிழ்வது இங்கேதான். 10 நியூட்டன் லோடில் 1000 மீட்டர் ஓட்டினீர்கள், டிஸ்க்கின் எடை 0.4 மில்லிகிராம் குறைந்தது. கன மில்லிமீட்டருக்கு 4 மில்லிகிராம் அடர்த்தி என்றால் இழப்பு 0.1 கன மில்லிமீட்டர். லோடையும் தூரத்தையும் பெருக்கி வகுத்தால் வேர் ரேட் நியூட்டன்-மீட்டருக்கு 0.00001 கன மில்லிமீட்டர். ரிப்போர்ட்டில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் தராசு காட்டும் மிகச் சிறிய அளவே 0.1 மில்லிகிராம், அதிலேயே 25 சதவீதம் சந்தேகம். அசிட்டோனில் கழுவிய டிஸ்க்கைச் சரியாக உலர்த்தாவிட்டால் இன்னும் மோசம். எதிர்ப்பக்கப் பின்னின் ஸ்டீல், டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டால் எடை கூடவே செய்யும். அதை “நெகட்டிவ் தேய்மானம்” என்று எழுதும் தீசிஸ்களும் உண்டு, கைடின் கையெழுத்தோடு! டிஸ்க்கில் விழுந்த தடத்தை ப்ரொஃபைலோமீட்டரில் நாலைந்து இடத்தில் அளந்து, குறுக்குவெட்டுப் பரப்பைச் சுற்றளவால் பெருக்குங்கள். இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

3. எஸ்.இ.எம். படம் அலங்காரத்துக்கு அல்ல. துகள் பெயர்ந்த குழியா, பூசினாற்போன்ற படலமா என்று விரல் வைத்துக் காட்டுங்கள். லோடு ஓர் எல்லையைத் தாண்டினால் செராமிக்கில் விரிசல் ஓடி, தேய்மானம் திடீரென்று எகிறும். அந்த எல்லை எங்கே என்பதுதான் கம்பெனிக்கு வேண்டிய தகவல்.

4. விலையைப் பேசுங்கள். போர்ஷே 2001இலேயே 911 ஜிடி2 காரில் செராமிக் பிரேக் டிஸ்க் கொடுத்துவிட்டது. எடை வார்ப்பிரும்பில் சுமார் பாதி. இருந்தும் சாதாரணக் கார்களுக்கு அது வரவில்லை. காரணம் விலை. விலையைச் சொல்லாமல் “என் மெட்டீரியல் எல்லாவற்றிலும் பெஸ்ட்” என்பவரை யாரும் எடுப்பதில்லை.

5. வலையை அகலமாக வீசுங்கள். செராமிக்குக்கென்றே வேலைகள் குறைவு. சென்னையில் இருக்கும் பிரேக் லைனிங் கம்பெனிகளில் ரெசின் கலவைதான் பிரதானம். ஆனாலும் அங்கேயும் அலசுவது இதே உராய்வையும் தேய்மானத்தையும்தான். அங்கே அனுப்பும் சி.வி.யில் “செராமிக் காம்போசிட்” இரண்டாம் வரிக்குப் போகட்டும்; “ஏஎஸ்டிஎம் ஜி99 டெஸ்டிங், வேர் ட்ராக் அனாலிசிஸ்” முதல் வரியில் இருக்கட்டும்.