கிளாங் கொண்டு லினக்ஸ் கெர்னலைக் கட்டும் முறை

1991-ஆம் ஆண்டு தோன்றிய நாள் முதலே லினக்ஸ் கெர்னல் ஜிசிசி என்னும் கம்பைலரின் மடியில் வளர்ந்தது. அந்தக் கம்பைலருக்கே உரிய சில விசேஷப் பிரயோகங்களும் நாளடைவில் அதன் மூலநிரலில் வேரூன்றிவிட்டமையால், கிளாங் என்னும் மாற்றுக் கம்பைலரால் அதைக் கட்டுவது நெடுங்காலம் பிரயாசையான காரியமாகவே இருந்தது. 'ஆஸ்ம் கோட்டோ' என்ற வசதி 2019-இல் கிளாங்கின் 9-ஆம் பதிப்பில் வந்து சேர்ந்த பிறகுதான், சாதாரண மேஜைக் கணினிக்கான கெர்னலை ஒட்டுப்போடாமல் கட்ட வழி பிறந்தது. ஒரு கம்பைலரின் கண்ணுக்குத் தப்பிய பிழை மற்றதன் கண்ணில் படும் என்பதே இம்முயற்சியின் பிரதான பிரயோஜனம்.

முதலில் கிளாங், எல்எல்டி என்னும் லிங்கர், எல்எல்விஎம் கருவிகள் ஆகிய மூன்றையும், அவற்றோடு மேக், பிளெக்ஸ், பைசன், பிசி ஆகியவற்றையும், லிப்எல்ஃப், ஓப்பன்எஸ்எஸ்எல் இரண்டின் தலைப்புக் கோப்புகளையும் நிறுவிக்கொள்க. கெர்னல்.ஆர்க் தளத்திலிருந்து மூலநிரலை இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்தபின் விரித்துக்கொள்க.

அடுத்தது கட்டமைப்பு; தவறு நேர்வதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கட்டமைப்புக் கோப்பைப் பூட் அடைவிலிருந்து பிரதி எடுத்து, 'டாட் கான்ஃபிக்' என்ற பெயரில் மூலநிரல் அடைவில் வைத்து, 'மேக் எல்எல்விஎம்=1 ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' என்று கட்டளையிட வேண்டும். இந்த 'எல்எல்விஎம்=1' என்பதை, பெரிய எழுத்துகளில், இனி வரும் ஒவ்வொரு மேக் கட்டளையிலும் மறவாமல் சேர்த்தாக வேண்டும். நான் ஒருமுறை கட்டமைக்கும்போது இதை விட்டுவிட்டுக் கட்டும்போது மட்டும் சேர்க்க, கம்பைலர் மாறியதை உணர்ந்த கெர்னல், கிளாங்குக்கே உரிய தெரிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ஆமா இல்லையா என்று கேட்டு என் பொறுமையைச் சோதித்தது. 'சிசி=கிளாங்' என்று மட்டும் தந்தால் போதாதா எனில், கம்பைலர் மாறுமேயன்றி லிங்கர் முதலிய மற்றக் கருவிகள் பழையனவாகவே நிற்கும்; அந்தக் கலப்படத்தை நான் சிபாரிசு செய்யேன்.

இப்படிப் பிரதி எடுத்தது லினக்ஸ் விநியோகத்தாரின் கட்டமைப்பாயின், அது அவர்களிடம் மட்டுமே உள்ள சான்றிதழ்க் கோப்பு ஒன்றைத் தேடிக் கட்டுமானத்தை நடுவழியில் நிறுத்துவதும் உண்டு. 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்ற வரியின் மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை அழித்து வெறுமையாக்கினால் அத்தடை நீங்கும்.

பிறகு 'மேக் எல்எல்விஎம்=1' என்பதோடு 'ஜே' என்ற தெரிவில் பிராசசர் கோர்களின் எண்ணிக்கையைத் தந்து கட்டுக; நினைவகம் குறைந்த கணினியாயின் அந்த எண்ணைப் பாதியாக்குக. முடிந்ததும் 'மாட்யூல்ஸ் இன்ஸ்டால்', 'இன்ஸ்டால்' இரண்டையும் நிர்வாகி அதிகாரத்தோடு முறையே செய்து, மறுபடி பூட் செய்க.

'பிராக்' அடைவிலுள்ள 'வெர்ஷன்' கோப்பைத் திறந்தால், கெர்னலைக் கட்டிய கம்பைலரின் பெயர் அதில் இருக்கும். அங்கே கிளாங், எல்எல்டி என்று கண்டால் காரியம் சித்தி. ஆயினும் புதியது சில நாட்கள் பழுதின்றி ஓடும்வரை, பழைய கெர்னலைப் பூட் பட்டியலிலிருந்து தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள்.