வேண்டாமா, கூடாதா? – ஆங்கிலக் கடதாசிகளில் கட்டாயமும் தடையும்



இடம்பெயர்ந்த குடும்பத்திடம் வீட்டுச் சாமானைவிடக் கடதாசி அதிகம் சேர்ந்துவிடுகிறது. பதிவுத் துண்டு, கிளினிக் கொப்பி, வீட்டுத்திட்டப் படிவம், காணி பற்றிய கடிதம் என்று ஒரு பை நிறைய இருக்கும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆனாலும் கைக்கு வரும் கடதாசிகளில் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பவை இன்னும் உண்டு. அவற்றை முழுவதும் விளங்கிக்கொள்ள நாட்செல்லும். எதைச் செய்தே ஆகவேண்டும், எதைச் செய்யக்கூடாது, எது எங்கள் விருப்பம் என்று காட்டும் ஏழெட்டுச் சிறு சொற்களையோ ஓரிரு மாலைகளில் படித்துவிடலாம். இந்தப் பாடம் அவற்றைப் பற்றியது.

சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். பாடசாலைக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒவ்வொன்றையும் ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது படிப்புத்தான்.

முதலில் 'மஸ்ட்'. எழுத்துக்கூட்டினால் எம், யூ, எஸ், ரி. கட்டாயம் செய்யவேண்டும் என்பது பொருள். 'யூ மஸ்ட் சைன்' என்றால் நீங்கள் கட்டாயம் ஒப்பமிட வேண்டும். 'ஹாவ் டு' என்பதும் ஏறக்குறைய இதே பொருளைத் தரும். 'யூ ஹாவ் டு சைன்' என்றாலும் ஒப்பமிட்டே ஆகவேண்டும். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் 'நொட்' என்ற சொல் வந்து சேரும்போது தொடங்குகிறது. அதற்குக் காரணம் எங்கள் தமிழிலேயே இருக்கிறது. 'வேண்டும்' என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் எவரும் 'வேண்டாம்' என்றுதான் சொல்வார்கள். அந்த 'வேண்டாம்' மூன்று வேலை செய்கிறது. தேத்தண்ணிக்குச் 'சீனி வேண்டாம்' என்றால் விருப்பமில்லை. 'நீங்கள் வரவேண்டாம், நான் கொண்டுவந்து தாறன்' என்றால் தேவையில்லை. 'கிணற்றடியில் உடுப்புத் தோய்க்க வேண்டாம்' என்று பலகையில் எழுதியிருந்தால் அது தடை. பேச்சில் ஆளின் முகமும் குரலும் எது என்று காட்டிவிடும். கடதாசிக்கு முகமில்லை.

ஆங்கிலம் இந்த இரண்டையும், தேவையில்லை என்பதையும் தடையையும், வெவ்வேறு சொற்களால் பிரித்து வைத்திருக்கிறது. 'மஸ்ட் நொட்' என்றால் கூடாது. 'நீட் நொட்' என்றால் தேவையில்லை. 'டூ நொட் ஹாவ் டு' என்றாலும் தேவையில்லை. 'மஸ்ட் நொட்' என்பதில் கட்டாயம் அப்படியே நிற்கிறது. அந்தச் செயலைச் செய்யாமல் விடுவதே இப்போது கட்டாயம். 'நீட் நொட்' என்பதில் கட்டாயமே நீங்கிவிடுகிறது. செய்தாலும் சரி, விட்டாலும் சரி.

ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"அப்பா, 'யூ நீட் நொட் பிறிங் த ஒறிஜினல் டீட்' எண்டு கடிதத்தில கிடக்கு."

"அப்ப மூல உறுதியைக் கொண்டுவர வேண்டாமாம்."

"கொண்டு போனால் பேசுவினமோ?"

"வேண்டாம் எண்டு எழுதியிருக்கினம். ஏன் பிள்ளை வில்லங்கம்?"

தகப்பன் சொன்ன தமிழ் பிழையில்லை. ஆனால் மகளுக்கு அது தடையாகக் கேட்டுவிட்டது. கடிதம் தடுக்கவில்லை. பிரதி போதும், மூல உறுதியைப் பத்திரமாக வீட்டில் வைத்திருக்கலாம் என்கிறது. கொண்டுபோனாலும் குற்றமில்லை.

மற்றப் பக்கமாகப் பிழைத்தால் சேதம் பெரிது. கத்தரிக்கோ மிளகாய்க்கோ அடிக்கும் கிருமிநாசினியின் சீட்டில், அறுவடைக்கு முந்திய 14 நாளில் 'மஸ்ட் நொட் ஸ்ப்றே' என்று இருக்கிறது என்று வையுங்கள். அதை 'அடிக்கத் தேவையில்லை' என்று வாசித்தவர், பூச்சியைக் கண்டதும் 'தேவை வந்துவிட்டதே' என்று அடித்துவிடுவார். நஞ்சு காயில் இருக்கும்போதே காய் சந்தைக்கும் பிள்ளையின் கோப்பைக்கும் போய்விடும். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசையில் வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. அந்த இடத்திலும் வரவேண்டிய சொல் 'மஸ்ட் நொட்' தான். எட்டுக்கு மேல் போனால் ஈரல் பாதிக்கப்படும்.

ஒரு கண்ணியையும் பார்த்து வையுங்கள். வசனம் 'டூ நொட்' என்று நேரடியாகத் தொடங்கினால் அது தடை. 'டூ நொட் என்டர்' என்றால் உள்ளே போகாதே. மிதிவெடி அகற்றாத காணியின் ஓரத்தில் இதைக் கண்டால் அடுத்த அடி வைக்கக்கூடாது. ஆனால் 'யூ டூ நொட் ஹாவ் டு' என்று வந்தால், அதே இரு சொற்கள் தேவையில்லை என்ற பொருளைத் தருகின்றன. ஆகவே 'டூ நொட்' என்று கண்டவுடன் நின்றுவிடாமல், பின்னால் 'ஹாவ் டு' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

'ஷுட்' என்பது சாதாரணமாக ஆலோசனை. 'யூ ஷுட் றெஸ்ட்' என்று தாதி சொன்னால் ஓய்வெடுப்பது நல்லது. ஆனால் அலுவலகக் கடிதத்தில் இச்சொல்லை நம்பக்கூடாது என்பது எமது கருத்து. விண்ணப்பம் 30ஆம் திகதிக்கு முன் 'ஷுட் றீச்' என்று எழுதியிருந்தால் எழுதியவர் மரியாதையாக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். 31ஆம் திகதி போகும் விண்ணப்பத்தை எடுக்காமல் விடுவார்கள். திகதியோடு வரும் 'ஷுட்' எல்லாவற்றையும் 'மஸ்ட்' என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

'மே' என்றால் செய்யலாம், அனுமதி உண்டு. 'மே நொட்' இரண்டு பக்கமும் வெட்டும். 'த ரெயின் மே நொட் கம்' என்றால் மழை வராமலும் போகலாம். 'த லான்ட் மே நொட் பீ சோல்ட்' என்று பத்திரத்தில் இருந்தால் காணியை விற்கக்கூடாது. வானிலைச் செய்தியில் அது சந்தேகம், விதியில் அது தடை.

சட்டம் பேசும் ஆங்கிலத்தில் 'மஸ்ட்' குறைவு, 'ஷல்' அதிகம். எஸ், எச், ஏ, எல், எல். பாடப்புத்தகத்தில் இது வருங்காலத்தைக் காட்டும் சொல். சட்டத்திலோ கட்டளை. 'ஷல் நொட்' என்றால் கூடாது. அனுமதிப்பத்திரக் காணி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த அத்தகைய காணியை, உரிய அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. நிபந்தனையை மீறினால் பத்திரம் இரத்தாகவும் கூடும்.

இதே 'ஷல்' எங்கள் பக்கமும் நிற்கும். உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் 20ஆவது, இடம்பெயர்ந்தோரின் ஆவணங்களைப் பற்றியது. இடம்பெயர்வில் தொலைந்த அடையாள அட்டை, பிறப்பு, விவாகப் பதிவுகள் போன்றவற்றுக்குப் பதிலாகப் புதியவை பெற அதிகாரிகள் வழிசெய்ய வேண்டும் என்றும், சொந்த ஊருக்குத் திரும்பிப் போனால்தான் தருவோம் என்பதுபோன்ற நியாயமற்ற நிபந்தனை விதிக்கக்கூடாது என்றும் அது சொல்கிறது. பெண்களுக்கும் தங்கள் பெயரிலேயே ஆவணம் பெற ஆண்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. அங்கே இருக்கும் சொல் 'ஷுட்' அல்ல, 'ஷல்'. கோட்பாடுகள் பாராளுமன்றச் சட்டமல்ல. ஆனாலும் மனு எழுதும்போது அந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டலாம்.

மனு என்றதும் இன்னொன்று. தமிழில் 'ஐயா, நீங்கள்தான் உதவ வேண்டும்' என்பது பணிவான வேண்டுகோள். அதை அப்படியே 'யூ மஸ்ட் ஹெல்ப் அஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதிகாரிக்கு உத்தரவு போடுவதாகப்படும். 'குட் யூ ப்ளீஸ் ஹெல்ப் அஸ்' என்று எழுதுங்கள்.

நடந்துபோனதைச் சொல்ல 'மஸ்ட்' உதவாது. கட்டாயத்தின் இறந்தகாலத்துக்கு 'ஹாட் டு' என்றே எழுத வேண்டும். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தின் பெரும்பகுதியிலிருந்தும் சனம் வெளியேறியபோது எவரும் விரும்பிப் போகவில்லை. 'வீ லெஃப்ட் அவர் லான்ட்' என்றால் காணியை விட்டுப் போனோம் என்று மட்டும் ஆகும். 'வீ ஹாட் டு லீவ்' என்றால் போகவேண்டியதாயிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் 'வீ வெர் ஃபோர்ஸ்ட் டு லீவ்' என்று எழுதினால் இன்னும் சரியாகும். அதேபோல 'வீ டிட் நொட் கல்டிவேற்' என்றால் கமம் செய்யவில்லை. 'வீ குட் நொட் கல்டிவேற்' என்றால் செய்ய முடியாமற் போயிற்று. பயிர்செய்யாமல் விட்ட காணி என்று ஒரு விசாரணையில் கேள்வி வந்தால், இந்த ஒரு சொல்லில்தான் பதில் இருக்கிறது. சாட்சியத்தை வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்தால், ஒப்பமிட முன் எந்தச் சொல் போட்டிருக்கிறார் என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிறு பயிற்சி ஒன்று. கீழுள்ள ஐந்திலும் எது கட்டாயம், எது தடை, எது தேவையில்லை? விடையை மறைத்து வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

1. போத் பேரன்ட்ஸ் மஸ்ட் சைன்.
2. சில்றன் நீட் நொட் கம்.
3. த பேர்மிட் ஹோல்டர் ஷல் நொட் லீஸ் த லான்ட்.
4. த ஃபோம் ஷுட் றீச் அஸ் பிஃபோர் 15 மார்ச்.
5. யூ டூ நொட் ஹாவ் டு பே ஃபோர் திஸ் ஃபோம்.

விடைகள்: முதலாவது கட்டாயம், தாயும் தகப்பனும் இருவரும் ஒப்பமிட வேண்டும். இரண்டாவது தேவையில்லை, பிள்ளைகளை வீட்டில் விட ஆளில்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போகலாம். மூன்றாவது தடை, காணியைக் குத்தகைக்குக் கொடுக்கக்கூடாது. நான்காவது பார்வைக்கு ஆலோசனை, உண்மையில் கட்டாயம். மார்ச் 14 பிந்தினால் படிவம் பயனில்லை. ஐந்தாவது தேவையில்லை. படிவத்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. எவராவது காசு கேட்டால் இந்த வரியில் விரலை வைத்துக் காட்டுங்கள்.