அப்புச்சியின் மறதியை எதைக் கொண்டு அளப்பது?

காங்கேயம்

அன்புள்ள அம்மிணி,

மூளை முதுமையில் எப்படி மாறுகிறது என்று படிக்கப் போவதாக எழுதியிருந்தாய். "அப்புச்சிக்குப் பேத்திக பேரே சட்டுனு வர மாட்டேங்குது, மாட்டைப் பார்த்தா மட்டும் எப்படிப் பிசகாமச் சொல்றாரு?" என்றும் கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. உன் பாடத்தில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

வயதாக ஆக மூளை முழுவதும் ஒரே சீராகத் தளர்வதில்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியும், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸும் மற்றவற்றை முந்திச் சுருங்குகின்றன. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை நைந்து, செய்தி போகும் வேகம் குறைகிறது. அதனால் நேற்று அறிமுகமானவர் பெயரும், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதும் சிரமமாகின்றன. சொல்வளமும் தொழிலறிவும் அறுபதைத் தாண்டியும் நிற்கும். பெயர் ஆளோடு ஒற்றை இழையில் தொங்குவது. அது நழுவினால் வேறு பிடி கிடையாது. பழையகோட்டை மாட்டுத்தாவணியில் ஒரு காளை வந்து நின்றாலோ பல், சுழி, திமில், கொம்பு, நடை என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது. ஏதாவது ஒன்று மறந்தாலும் மற்றவை கைகொடுக்கும்.

இதை எப்படி அளப்பது? அங்கேதான் சிக்கல். 1975-இல் ஃபோல்ஸ்டீன் குழுவினர் உருவாக்கிய முப்பது மதிப்பெண் சோதனை உலகெங்கும் ஓடுகிறது. ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்லும். பேனாவே பிடிக்காத உன் அம்முச்சி அதிலேயே மதிப்பெண் இழப்பாள். ஏலச்சீட்டுக் கணக்கை மனசுக்குள்ளேயே முடிக்கிறவள் அவள்! ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் மேரி கங்கூலி குழுவினர் இதை உணர்ந்து சோதனையையே மாற்றினார்கள். "கண்ணை மூடு" என்று எழுதிக் காட்டுவதை விட்டு, "என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்" என்றார்கள். எழுதச் சொல்வதை விட்டு, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். ஸ்கேன் படங்களின் வண்ணம்கூட அப்புறம்தான்.

இன்னொரு பொறி உண்டு. இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே நாளில் சோதித்து, வித்தியாசத்தை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். நம் பக்கம் அதில் பெரும்பங்கு பள்ளிக்கூடம் போனதற்கும் போகாததற்கும் உள்ள வித்தியாசமாகவே இருக்கலாம். ஸ்காட்லாந்தில் 1921-இல் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ அனைவருக்கும் 1932-இல் ஒரே நாளில் அறிவுச் சோதனை வைத்தார்கள். அந்தத் தாள்களைத் தேடியெடுத்த இயன் டியரி குழுவினர், முதியவர்களாகிவிட்ட அதே ஆட்களில் பலரைக் கண்டுபிடித்து அதே சோதனையை மறுபடியும் கொடுத்தார்கள். முதுமையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி, பதினோரு வயதிலேயே இருந்த வேறுபாடுதான்! அந்தப் பழைய தாள் இல்லாவிட்டால் அத்தனையையும் முதுமையின் தலையில் கட்டியிருப்போம்.

அதனால்தான் ஒரே ஆளைப் பல வருஷம் பின்தொடர வேண்டும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் இதைச் செய்கிறது. கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் தாலுகா கிராமங்களில் 45 வயது கடந்த 10,000 பேரைத் தொடர்வது என்ற இலக்கோடு விஜயலட்சுமி ரவீந்திரநாத் தலைமையில் தொடங்கிய ஆய்வு அது. ரத்தம், நினைவுச் சோதனை, எம்ஆர்ஐ எல்லாம் உண்டு. உழுது விதைத்த மூளைகளைப் பற்றி அங்கிருந்து வருவதைத் தவறாமல் படி.

டிமென்ஷியா என்னும் மறதிநோயைத் தள்ளிப்போடுவது எது என்பது அடுத்த கேள்வி. 2013-இல் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனைக்கு வந்த 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்தார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு பிந்தி வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைந்த கொங்கு நாட்டுக்கு இனிக்கிற செய்திதான். ஆனாலும் அவர்கள் மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமே. ஆரோக்கியமானவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த வேறு சில ஆய்வுகளில் இந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. நான் இதை நம்ப விரும்புகிறேன், நீ சந்தேகப்படு.

லீவுக்கு வரும்போது அப்புச்சிக்குச் சோதனை வைக்கப் போவதாகச் சொன்னாய். பெயர் தடுமாறுவது பரவாயில்லை. தினமும் போகிற தோட்டத்துக்கு வழி தடுமாறினால், கைச்செலவுக் கணக்குக் குழம்பினால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு மூன்றும் மறதி மாதிரியே வேஷம் போடும். மருந்துக்கு அடங்கவும் செய்யும். எல்லாவற்றுக்கும் முன் அவர் காதைப் பரிசோதித்துவிடு. அரிசி ஆலை இரைச்சலிலேயே காலம் தள்ளியவர் அவர். காதில் விழாத கேள்விக்குப் பதில் சொல்லாததை மறதி என்று எழுதிவிடாதே, கண்ணு.

அன்புடன்,
உன் மாமா