வீச்சுக்கும் ஒரு கணக்கு வேணும்

இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிஞ்சிடும். மெட்டீரியல்ஸ் பாடத்தில் படிச்ச ‘ஃபேட்டிக்’ அதுதான். பந்து வீசும் முழங்கைக்கும் அதே கதை. ஒரே வித்தியாசம், ஓய்வு கொடுத்தால் கை தேறும், கம்பி தேறாது. ஈட்டி எறியும் நீரஜ் சோப்ராவுக்கே 2019-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது.

தருமபுரி மைதானங்களில் கோச் இல்லாமல் பேஸ்பால் பழகும் நண்பர்களே, கணக்கை நீங்களே நோட்டில் எழுதுங்க. அமெரிக்காவின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டிப்படி, 17, 18 வயசுக்காரர் ஒரு நாள் ஆட்டத்தில் அதிகபட்சம் 105 முறை வீசலாம். 30-ஐத் தாண்டினாலே மறுநாள் ஓய்வு. ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு, மெதுவா வீச ஆரம்பிங்க. முழங்கையின் உள்பக்கம் வலிச்சா உடனே நிறுத்துங்க. வலி தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்க. வலியோடு வீசுறது வீரம் இல்ல.