குடகில் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாமா?

கேள்வி: குடகர்கள் மட்டும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமாமே, மெய்தானா? (வாசகர், பெங்களூரு)

பதில்: மெய்தான். 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் மக்களின் ஆயுதங்களைப் பறித்தபோது குடகர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழும் அவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் அது தொடர்கிறது. கைல்போது விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். புத்தரி அறுவடையன்று வானை நோக்கிச் சுடுகிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, சாவுக்கு இரண்டு.

2019 அக்டோபரில் மத்திய அரசு இச்சலுகையை 2029 வரை நீட்டித்தது. சாதியையும் நிலத்தையும் பார்த்துச் சலுகை தருவது சமத்துவமா என்று ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கேட்க வேண்டிய கேள்விதான்.

2021 செப்டம்பரில் மனு தள்ளுபடியானது. போர்மரபுள்ள சமூகம், நெடுங்கால வழக்கம், சலுகைக்கும் பத்தாண்டு வரம்பும் நிபந்தனைகளும் உண்டு என்பது நீதிமன்றத்தின் வாதம்.

அமெரிக்காவில் வழக்கு வேறு விதம். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குக் கலிஃபோர்னியா விதித்த தடை செல்லும் என்று 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே ஆயுதம் அரசியலமைப்பு உரிமை. இங்கே அது அரசின் அனுமதி; உரிமம் பெற்றவருக்கும் மூன்று துப்பாக்கி என்றிருந்த உச்சவரம்பை 2019 திருத்தம் இரண்டாக்கிவிட்டது.